தன் பேராலயத்துக்குள் நுழைய முடியாத ஆயர்: சவோய் பயணக் குறிப்புகள்

ஜெனீவா, சனிக்கிழமை

பழைய ஊரின் மேட்டில் புனித பேதுரு பேராலயம் நிற்கிறது. முகப்பில் இருப்பது 18-ஆம் நூற்றாண்டுத் தூண் வரிசை. உள்ளே போனால் அதைவிடப் பல நூற்றாண்டு பழைய கல். சொரூபம் இல்லை, பலிபீட அலங்காரம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்ட் சபைகள் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில் அகற்றியவை எதுவும் திரும்பி வரவில்லை. ஓரத்தில் சீர்திருத்தத் தலைவர் கால்வினுடையது என்று சொல்லும் மர நாற்காலி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

நான் வந்தது வேறு ஒருவருக்காக. 1602 முதல் 1622 வரை ஜெனீவாவின் ஆயராக இருந்த பிரான்சிஸ் டி சேல்ஸ். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் புனித பிரான்சிஸ் சலேசியார் என்பார்கள். டான் போஸ்கோ பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த வழுக்கைத் தலையும் நீண்ட தாடியும் பழக்கமான படம். ஆயராக இருந்த இருபது ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் இந்தக் கோயிலில் திருப்பலி வைத்ததில்லை. இதுதான் அவருடைய பேராலயம், ஆனால் அவருக்கு இங்கே இடமில்லை.

காரணம் அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தது. 1533-இல் அன்றைய ஆயர் பியேர் டி லா போம் ஊரைவிட்டுப் போனார். 1535-இல் இங்கே திருப்பலி நின்றது. அடுத்த ஆண்டு கால்வின் வந்தார். ஜெனீவா மறைமாவட்டத்தின் ஆயரும் பேராலயக் குருக்களும் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, ஆல்ப்ஸ் மலைப்பகுதியை ஆண்ட சவோய் பிரபுக்களின் ஆட்சியில் இருந்த அன்சி என்ற ஏரிக்கரை ஊரில் குடியேறினார்கள். பட்டம் ஜெனீவா ஆயர், வாசம் அன்சியில். இந்த ஏற்பாடு பல தலைமுறைக்கு நீடித்தது.

என் சித்தி மகள் இங்கே வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கல். "ஏன்க்கா, கால்வின் ஊருக்கு வந்துட்டு அவருக்கு எதிர்க்கட்சி ஆளைத் தேடுறியே?" என்றாள். எதிர்க்கட்சி என்பது சரியான சொல்தான். ஆனால் அந்தக் காலத்து எதிர்க்கட்சிகள் ஒருவரை ஒருவர் கொளுத்தின, நாடு கடத்தின. இவர் இந்த ஊருக்குள் வந்து எதிராளியின் வீட்டில் உட்கார்ந்து பேசியவர். 1597-இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் கேட்டுக்கொண்டபடி, கால்வினுக்குப் பின் தலைமை ஏற்றிருந்த தியோடர் பெசாவைப் பார்க்க வந்தார். பெசாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது, இவருக்கு 30கூட நிறையவில்லை. ஒரு தடவையோடு நிற்கவில்லை, திரும்பவும் வந்தார். பேச்சு மரியாதையாகவே நடந்தது. பெசா மனம் மாறவில்லை. கத்தோலிக்கத்துக்குத் திரும்பினால் பெசாவுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ரோமின் சார்பில் இவர் வழியாகச் சொல்லப்பட்டது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த முதியவரிடம் அதைச் சொல்லியிருக்கவே கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது.

மாலையில் பாஸ்தியோன் பூங்காவுக்குப் போனோம். சீர்திருத்தச் சுவரில் ஃபாரல், கால்வின், பெசா, நாக்ஸ் நால்வரும் ஐந்து மீட்டர் உயரக் கற்சிலைகளாக நிற்கிறார்கள். பெசாவின் முகத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம். இந்த ஊரில் ஒவ்வொரு டிசம்பரிலும் எஸ்கலாத் விழா நடக்கிறது. 1602 டிசம்பரில் ஓர் இரவு சவோய் பிரபு சார்ல்ஸ் இம்மானுவேலின் படை ஏணி வைத்து மதில் ஏறியது. ஊர்க்காரர்கள் அதை விரட்டி அடித்தார்கள். ஒரு பெண்மணி கொதிக்கும் சூப்பை மேலிருந்து கொட்டினார் என்பது கதை. அதற்காகத்தான் இன்றும் சாக்லேட் பானைகளை உடைக்கிறார்கள். பிரான்சிஸ் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது அதே மாதம் 8-ஆம் தேதி. அதாவது அவர் பொறுப்பேற்ற இரண்டு வாரத்துக்குள், அவருடைய அரசர் அவருடைய ஊர்மேல் படை எடுத்துத் தோற்றார். அதற்குப் பின் ஜெனீவாக்காரன் எவனாவது இந்த ஆயரை நம்பி வாயில் திறப்பானா?

ஆனாலும் 1609-இல் அலுவலாக ஜெக்ஸ் பகுதிக்குப் போக வேண்டியிருந்தபோது அவர் ஜெனீவா வழியாகவே குதிரையில் போனார். வாயிற்காவலர் யார் என்று கேட்டதற்கு, "இந்த மறைமாவட்டத்தின் ஆயர்" என்று பதில் சொல்லி உள்ளே நுழைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

தொனோன், ஞாயிறு

ரயிலில் ஏரிக்கரையோரமாக வந்து சேர்ந்தேன். தொனோன் இரண்டு அடுக்கு ஊர். கீழே படகுத் துறை, மேலே நகரம், நடுவே 1888-இலிருந்து ஓடும் கயிற்று ரயில்.

இந்தப் பகுதிக்கு ஷாப்லே என்று பெயர். 1536-இல் பெர்ன் நகரத்தார் இதைப் பிடித்தார்கள், மக்களும் சீர்திருத்த சபைக்குப் போனார்கள். பிறகு சவோய் கைக்குத் திரும்பியது. அறுபது ஆண்டில் இரண்டு தலைமுறை கத்தோலிக்கத்தை மறந்தே போயிருந்தது. 1594 செப்டம்பரில் குரு பிரான்சிஸும் அவருடைய உறவினர் லூயி டி சேல்ஸும் இங்கே நடந்து வந்தார்கள். பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்று ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

முதல் ஆண்டு முழுத் தோல்வி. புனித இப்போலித் கோயிலில் மறையுரை வைத்தால் கேட்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருகிறவர்களை ஊர் ஒதுக்கியது. இப்படி இருக்கையில்தான் அவர் பேனாவை எடுத்தார். கோயிலுக்கு வராதவர்களுக்கு வீட்டுக்கே அனுப்புவது என்று முடிவு செய்து, வாதங்களைத் துண்டு துண்டாக எழுதி, நகலெடுத்து, வீட்டுக் கதவுகளுக்கு அடியில் செருகினார், பொது இடங்களில் ஒட்டினார். 1595-இன் தொடக்கத்திலிருந்து இந்தத் தாள்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1672-இல் தான் அவை நூலாக வெளிவந்தன. 1923-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இவரை எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்களின் பாதுகாவலராக அறிவித்ததற்குப் பின்னால் இந்தத் தாள்கள் இருக்கின்றன.

புனித இப்போலித் கோயில் இப்போதும் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய பிரான்சிஸ் சலேசியார் பசிலிக்கா. பசிலிக்கா பெரியது, பழைய கோயில் சிறியது. எனக்குச் சிறியதுதான் பிடித்தது. 1596 கிறிஸ்மஸ் அன்று அவர் மறுபடி திருப்பலி வைத்தது இங்கேதான். அதற்குள் வழக்குரைஞர் பியேர் போன்சே, பிரபு டாவுலி போன்ற படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்திருந்தார்கள். அவர்கள் தாள்களைப் படித்துவிட்டுத் தனியாக வாதாட வந்தவர்கள். ஆயர் ஆவதற்கு முன்பே அவருடைய வழி இங்கே உருவாகிவிட்டது: கூட்டத்தைத் தேடாமல், ஓர் ஆளிடம் முழு மனதோடு பேசுவது.

ஆனால் கதை அப்படியே இனிமையாக முடியவில்லை. 1598 இலையுதிர் காலத்தில் நாற்பது மணி நேர ஆராதனை இங்கே பெரிய விழாவாக நடந்தது. சவோய் பிரபு நேரில் வந்தார். அப்புறம், மதம் மாற மறுத்தவர்களை நகர மன்றத்துக்கு வரவழைத்து, ஒன்று கத்தோலிக்கத்துக்கு வா, இல்லை நாட்டைவிட்டுப் போ என்று தேர்வு செய்ய வைத்தார். சீர்திருத்த சபைப் போதகர்களை வெளியேற்ற வேண்டும் என்பதில் பிரான்சிஸுக்கும் உடன்பாடு இருந்தது, கேட்டதே அவர்தான். கடைசிவரை மறுத்தவர்களிடம் அவர் தனித்தனியாகப் பேசிப் பார்த்தார் என்பதும் உண்மை. புனிதர் வரலாறுகள் கதவடித் தாள்களைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த நாளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான்கு ஆண்டு காகிதத்தாலும் பொறுமையாலும் சேர்த்ததைக் கடைசியில் அரசனின் ஆணை முடித்துவைத்தது. அந்த ஆணையால் ஏரியைக் கடந்து அக்கரைக்குப் போன குடும்பங்களும் இந்த மறைமாவட்டத்து மக்கள்தான்.

அலாஞ்சு, திங்கள்

தொனோனிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். மலைமேல் இரண்டு கோட்டைகளின் இடிபாடு. இன்று நடந்தே ஏறினேன். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது.

ஷாப்லேயில் முதல் மாதங்களில் பிரான்சிஸ் இரவு தங்கியது இந்தக் கோட்டையில். தொனோனில் தங்கினால் உயிருக்கு ஆபத்து, இங்கே சவோய் வீரர்கள் இருந்தார்கள். காலையில் இறங்கி ஊருக்குப் போவது, இருட்டுவதற்குள் ஏறி வருவது. குளிர்காலத்திலும் இதே நடைதான். ஒரு நாள் நேரமாகிவிட, ஓநாய்களுக்குப் பயந்து மரத்தில் ஏறித் தன்னைக் கட்டிக்கொண்டு இரவைக் கழித்தார் என்று ஒரு கதை உண்டு. கோட்டைச் சிற்றாலயத்தில் கிறிஸ்து அரியணையில் வீற்றிருக்கும் ஓவியம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழையது. நிறம் இன்னும் இருக்கிறது. அவர் தினமும் அதிகாலையில் பார்த்த முகம் இதுதான்.

மழை விட்டதும் மேலிருந்து ஏரி முழுக்கத் தெரிந்தது. எதிர்க்கரையில் லோசான். அந்தக் காலத்தில் அதுவும் பெர்ன் கையில்.

அன்சி, செவ்வாய்

அன்சியை அழகான ஊர் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுத மாட்டேன். ஊருக்குள் ஓடும் தியூ ஆறு, அதன் நடுவில் கப்பல் மூக்குப்போல நிற்கும் பழைய சிறை, பாலத்துக்குப் பாலம் செல்ஃபி எடுக்கும் கூட்டம். எல்லாம் உண்டு.

புனித பேதுரு பேராலயம் இங்கேயும் இருக்கிறது. ஜெனீவாவில் இருப்பதன் பெயரே. இது உண்மையில் பிரான்சிஸ்கன் துறவிகளின் கோயில், 1535-இல் கட்டியது. ஊர் இழந்து வந்த பேராலயக் குருக்கள் அவர்களிடம் இடம் கேட்டு இங்கே வழிபாடு நடத்தினார்கள். பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்றது இங்கே, 1593 டிசம்பர் 18. ஆயராக மறையுரை வைத்ததும் இங்கேதான். இரவல் கோயில், இரவல் வீடு. ஜெனீவாவின் பழைய வருமானமும் கைவிட்டுப் போயிருந்ததால் மறைமாவட்டத்தில் பணமும் இல்லை.

பாரிஸில் அவருக்கு வேறு வாழ்க்கை காத்திருந்தது. 1602-இல் அலுவலாக அங்கே போனவர் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. அவர் மறையுரையைக் கேட்டு நான்காம் ஹென்றி அரசர் பிரான்சிலேயே இருக்கும்படி அழைத்தார். பிற்காலத்தில் பாரிசுக்கே இணை ஆயராக வரும்படியும் அழைப்பு வந்தது. எனக்கு ஏழை மனைவி ஒருத்தி இருக்கிறாள், பணக்காரி ஒருத்திக்காக அவளை விட்டுவர முடியாது என்கிற பொருளில் பதில் சொன்னார் என்பார்கள். அவர் அன்சிக்கே திரும்பினார் என்பதில் சந்தேகமே இல்லை.

சாந்த் கிளேர் தெருவில், வளைவுத் திண்ணைகளுக்கு மேலே, நண்பர் அந்துவான் ஃபாவ்ரின் வீடு. ஃபாவ்ர் நீதிபதி, சட்ட அறிஞர். 1606–07 குளிர்காலத்தில் இருவரும் சேர்ந்து இங்கே ஃபுளோரிமொந்தான் அகாதமியைத் தொடங்கினார்கள். இறையியல், கணிதம், மொழி, வானியல் என்று எல்லாவற்றையும் பேசும் கூடம். சின்னம் ஆரஞ்சு மரம், பூவும் கனியும் ஒரே நேரத்தில் தாங்குவது. பாரிஸின் புகழ்பெற்ற பிரெஞ்சு அகாதமி பிறந்தது 1635-இல். அதில் முக்கிய இலக்கணக்காரராக இருந்த வோஜ்லா இந்த ஃபாவ்ரின் மகன்! ஒரு மலைநாட்டு ஆயர், பணமில்லாத நேரத்தில், ஊர் அறிஞர்களைக் கூட்டி இப்படி ஒன்றை நடத்தியிருக்கிறார். ஃபாவ்ர் வேலை உயர்வாகி 1610-இல் ஷாம்பேரிக்குப் போனதும் அது தளர்ந்தது. அந்தப் பெயரில் 1851-இல் மீண்டும் தொடங்கிய அமைப்பு இன்றும் அன்சியில் இயங்குகிறது.

தொரான்ஸ், புதன்

அன்சியிலிருந்து 20 கிலோமீட்டர் சுமார். பேருந்து குறைவு, போகிறவர்கள் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1567 ஆகஸ்ட் 21-இல் அவர் பிறந்த சேல்ஸ் மாளிகை இப்போது இல்லை. 1630-இல் பதின்மூன்றாம் லூயி சவோய்மேல் படை எடுத்தபோது இடிக்கப்பட்டது. பிறந்த அறை இருந்த இடத்தில் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் உள்ள தொரான்ஸ் கோட்டை பின்னர் இந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஊர்க்கோயிலில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும், ஆயராகத் திருநிலைப்படுத்தியதும் இந்தப் பங்கில். தந்தை பிரபு போய்சி அதைப் பார்க்க இல்லை, முந்தின ஆண்டே காலமாகிவிட்டார். இந்தத் தந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூத்த மகனை சட்டம் படிக்க வைத்து ஷாம்பேரி மேலவை உறுப்பினராக்குவது அவர் கனவு. பாரிஸில் இயேசு சபையினர் கல்லூரியில் பத்து ஆண்டு, பிறகு பதுவாவில் சட்டம், 1591-இல் முனைவர் பட்டம். வந்ததும் பெண் பார்த்து வைத்திருந்தார். மகன் குருவாகப் போகிறேன் என்றான். உறவினர் லூயி ரோமுக்கு எழுதி, ஜெனீவா பேராலயக் குருக்கள் குழுவின் தலைவர் பதவியை அவனுக்கு வாங்கி வைத்துவிட்டார். அந்தக் கௌரவத்தைப் பார்த்துத்தான் தந்தை இறங்கி வந்தார். நம் வீடுகளில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பாரிஸில் படித்த காலத்தில் நடந்ததுதான் அவருடைய மென்மைக்கு வேர் என்று நினைக்கிறேன். 19 வயதில், கடவுள் சிலரை முன்பே நரகத்துக்கென்று விதித்துவிட்டாரா, அதில் நானும் ஒருவனா என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் போய் உடம்பு உருகியது. புனித எத்தியேன் கோயிலில் கறுப்பு மாதா சொரூபத்தின் முன், சாவுக்குப் பின் உம்மை நேசிக்க முடியாவிட்டாலும் இந்த வாழ்நாள் முழுக்கவாவது நேசிப்பேன் என்று வேண்டிக்கொண்ட பிறகு அது விட்டது. இதைப் படித்த பிறகு அவருடைய கடிதங்களைப் படித்தால், பயந்தவர்களிடம் அவர் ஏன் ஒருபோதும் குரல் உயர்த்துவதில்லை என்று புரிகிறது.

ஷாமோனி, வியாழன்

பயணத்திட்டத்தில் இல்லாத ஊர். அவருடைய ஒரு கடிதத்துக்காக மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஆயரானதும் அவர் தன் மறைமாவட்டத்தின் நானூறுக்கும் மேற்பட்ட பங்குகளைப் பார்த்து வரக் கிளம்பினார். 1605-இல் தொடங்கி ஆண்டுகள் பிடித்த வேலை. குதிரை போகும் இடத்தில் குதிரை, போகாத இடத்தில் நடை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் ஆயர்களுக்கு இட்ட கட்டளை இது: உன் மந்தையை நேரில் போய்ப் பார். பல ஆயர்கள் அரசவையில் உட்கார்ந்து ஆளனுப்பிய காலத்தில் இவர் பனிமலையேறினார். லா ரோஷ் ஊரில் மார்த்தின் என்ற செவித்திறன் இல்லாத, பேச முடியாத வேலைக்கார இளைஞரைக் கண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு ஞானோபதேசம் கற்பிக்க முடியாது என்று பலர் எண்ணிய நாள்கள். இவர் சைகைகளை உண்டாக்கி அவருக்குத் தாமே கற்பித்து, நற்கருணை கொடுத்து, தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். காது கேளாதவர்களின் பாதுகாவலராகவும் அவரை வணங்குவது இதனால்தான்.

1606 கோடையில் ஷாமோனி பக்கம் வந்தபோது எழுதிய கடிதம்தான் நான் சொன்னது. பத்துப் பன்னிரண்டு ஈட்டி ஆழத்துக்குப் பனிக்கட்டி மூடிய பயங்கரமான மலைகளைப் பார்த்தேன் என்கிறார். சில நாள்களுக்கு முன் ஓர் இடையன் காணாமல்போன பசுவைத் தேடிப் போய்ப் பனிப்பிளவில் விழுந்து உறைந்து இறந்திருக்கிறான். விளிம்பில் கிடந்த தொப்பிதான் இடத்தைக் காட்டியது. அயலார் ஒருவர் கயிற்றில் இறங்கி உடலைக் கொண்டுவந்தார். ஆயர் தன்னைத்தானே கேட்கிறார்: பசுவைத் தேடும் அவன் ஆர்வத்தை இந்தப் பனியும் குளிர வைக்கவில்லையே, என் ஆடுகளைத் தேடுவதில் நான் ஏன் இவ்வளவு சோம்பல்? மறையுரையில் சொல்லி மக்களை அழவைக்க ஏற்ற கதை. அவர் அதைத் தன்மேல் குற்றமாகவே திருப்பிக்கொண்டார்.

பற்சக்கர ரயிலில் மொந்தான்வேர் ஏறினேன். கீழே பனியாறு. ஒவ்வோர் ஆண்டில் பனி எந்த மட்டம் இருந்தது என்று படிக்கட்டு நெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள். இறங்க இறங்க ஆண்டுகள் கடந்துபோகின்றன, பனி வரவே மாட்டேனென்கிறது. அவர் வந்த காலத்தில் பனியாறுகள் வளர்ந்து ஊர்களை நெருக்கிக்கொண்டிருந்தன. நானூறு ஆண்டில் இப்படியொரு தலைகீழ் மாற்றம். நெஞ்சு பாரமாகிவிட்டது.

அன்சி, வெள்ளி

மேட்டில் உள்ள விசிட்டேஷன் பசிலிக்காவுக்கு ஏறினேன். 1922-இல் கட்டத் தொடங்கியது, அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசலில் நின்றால் ஏரியும் மலையும் ஒன்றாகத் தெரியும். உள்ளே பீடத்துக்கு இருபுறமும் வெண்கலப் பேழைகள். ஒன்றில் பிரான்சிஸ், மற்றதில் ஜான் டி ஷந்தால் அம்மையார்.

1604 தவக்காலத்தில் அவர் திஜோன் நகருக்கு மறையுரை வைக்கப் போனார். கேட்க வந்தவர்களில் ஒருவர் இந்த ஷந்தால் அம்மையார், அப்போது இளம் விதவை. கணவர் 1601-இல் வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தவர். நான்கு குழந்தைகள். தந்தை திஜோன் நீதிமன்றத் தலைவர், சகோதரர் பூர்ஜ் நகரப் பேராயர். இருவருக்கும் இடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1610 ஜூன் 6-இல் அன்சியில் விசிட்டேஷன் சபை என்ற துறவு இல்லமாக முடிந்தது. உடல்நலம் குன்றியவர்கள், விதவைகள், வயதானவர்கள் என்று கடுந்தவ மடங்கள் சேர்க்காத பெண்களுக்கான இடம். அவர்கள் வெளியே போய் நோயாளிகளையும் ஏழைகளையும் பார்க்க வேண்டும் என்பது முதல் திட்டம். லியோன் பேராயர் மார்க்மோன் ஒப்புக்கொள்ளவில்லை, துறவுப் பெண்கள் மதிலுக்குள்தான் இருக்க வேண்டும் என்றார். பிரான்சிஸ் விட்டுக்கொடுத்தார். 1618-இல் அது அடைபட்ட மடமானது. பணிந்து போவது அவர் குணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண்கள் தெருவில் நடந்து நோயாளி வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சிறிது காலத்திலேயே அவருடைய நண்பர் வின்சென்ட் டி பால் வேறு வழியில் அதைச் செய்து காட்டினார்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவரின் மனைவி, மதாம் டி ஷார்முவாசி. கணவர் அரசவையில், இவர் கையில் வீடு, விருந்து, வேலைக்காரர்கள். நான் எப்படிக் கடவுளை நாடுவது என்று கேட்டார். அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகளை இயேசு சபைக் குரு ஒருவர் பார்த்து, அச்சிடாமல் விடாதீர்கள் என்று வற்புறுத்தினார். அப்படி 1609-இல் லியோனில் வந்ததுதான் 'பக்தி வாழ்வுக்கு அறிமுகம்'. அதில் அவர் கேட்கிறார்: ஆயர் தனிமைத் துறவிபோல வாழ்ந்தால் சரியா? குடும்பஸ்தர் கப்பூச்சின் துறவிபோலக் கையில் காசில்லாமல் இருந்தால்? கைவினைஞர் நாள் முழுக்கக் கோயிலிலேயே இருந்தால்? போர்வீரர் கூட்டத்திலிருந்தும், பட்டறையிலிருந்தும், மணமானவர் வீட்டிலிருந்தும் பக்தியை விரட்டுவது தவறு என்று அடித்துச் சொல்கிறார். மடத்துக்குப் போனால்தான் புனிதம் என்றிருந்த காலம். நாற்காலியும் பேராலயமும் பறிபோன ஆயர் ஒருவர் வீடுகளையே தன் கோயிலாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுவது இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதுதான்.

இந்த ஊரிலிருந்து நம் பக்கத்துக்கும் வழி போகிறது. 1838-இல் அன்சியில் குரு மெர்மியே இவர் பெயரில் தொடங்கிய சபையினர் 1840-களில் விசாகப்பட்டினத்துக்கு வந்தார்கள். 1859-இல் தூரினில் டான் போஸ்கோ தன் சபைக்கு இவர் பெயரை வைத்தார். அந்தச் சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள்.

லியோன், சனிக்கிழமை

ரயிலில் இரண்டு மணி நேரம். பெல்கூர் சதுக்கத்துக்குத் தெற்கே உள்ள தெருக்களில் பிற்பகல் முழுக்க நடந்தேன். 1622 டிசம்பரில் சவோய் பிரபுவின் பரிவாரத்தோடு அவிஞோனுக்குப் போய்த் திரும்பிய ஆயர் இங்கே தங்கினார். பெரிய வீடுகள் அழைத்தும் போகாமல், விசிட்டேஷன் மடத்துத் தோட்டக்காரர் குடிசையே போதும் என்றார். கிறிஸ்மஸ் முடிந்து 27-ஆம் தேதி பக்கவாதம். மருத்துவர்கள் பழுத்த இரும்பால் சூடு வைத்தும் பயனில்லை. மறுநாள் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று இறந்தார். வயது 55. உடலை அன்சிக்குக் கொண்டுபோய் ஜனவரி 24-இல் அடக்கம் செய்தார்கள். திருநாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. இதயத்தை லியோன் மடத்தார் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டு இத்தாலிக்கு ஓடினார்கள். இப்போது அது த்ரெவீசோவில்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு ஷந்தால் அம்மையாரும் லியோன் வந்திருந்தார். இருவரும் பல ஆண்டுகளாக நேரில் பார்க்கவில்லை. அம்மையார் தன் மனநிலையைப் பற்றிப் பேசக் குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஆயர், அதை அன்சியில் பேசிக்கொள்ளலாம், இப்போது சபைக் காரியங்களைப் பார்ப்போம் என்றார். அம்மையார் குறிப்பை மடித்துவைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

1665-இல் புனிதர் பட்டம், 1877-இல் மறைவல்லுநர் பட்டம், எல்லாம் பின்னால் வந்தன. ஆயிரக்கணக்கில் எழுதியவற்றில் கிடைத்த இரண்டாயிரம் சொச்சம் கடிதங்கள் அன்சி மடத்தார் பதிப்பில் 11 தொகுதிகளை நிரப்புகின்றன. அம்மையார் அவருக்கு எழுதியவற்றையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவர் இறந்ததும் அவை அம்மையார் கைக்குத் திரும்பி வந்தன. அம்மையார் அவற்றில் பெரும்பகுதியை எரித்துவிட்டார். தன்னடக்கம் என்று பாராட்டி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பதினெட்டு ஆண்டுகள் நடந்த உரையாடலில் ஒருவர் குரல்தான் நமக்குக் கேட்கிறது. அவர் என்ன கேட்டதால் இவர் இதைச் சொன்னார் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஊகித்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது.